பொட்டாசியம் 6.2: காய், பழம் எல்லாம் நிறுத்தியும் ஏன் இறங்கவில்லை?

கேள்வி, 16.04.2025

அப்பாவுக்கு வயது 61. வாரம் ரெண்டு டயாலிசிஸ், செவ்வாயும் வெள்ளியும். போன மாசம் பொட்டாசியம் 5.9, இந்த மாசம் 6.2. சென்டரில் கொடுத்த தாளில் "கூடாது" என்று போட்டிருந்த எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். காலையில் இட்லி, மத்தியானம் மோர் சாதம், ராத்திரி மறுபடி இட்லி. பழத்தைக் கண்ணில் காட்டுவதில்லை, காயும் கிடையாது. அப்படியும் ஏறுகிறது. "பட்டினி போட்டே அனுப்பிருவியோ" என்று அப்பா கேட்கிறார். எங்கே தப்பு நடக்கிறது?

16.04.2025, இரவு

ரத்தம் எடுத்தது எந்தக் கிழமை? முதலில் அதைச் சொல்லுங்கள் தாயி. செவ்வாய் காலை மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் எடுத்திருந்தால், வெள்ளிக்குப் பிறகு நாலு நாள் சேர்ந்த பொட்டாசியம் அது. வெள்ளி காலை எடுத்தால் மூணு நாள் சேர்ந்தது. அதே ஆள், அதே சாப்பாடு, எண் மட்டும் வேறு வரும். போன மாசம் வெள்ளியும் இந்த மாசம் செவ்வாயுமாக எடுத்திருந்தால் 5.9-ஐயும் 6.2-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே வீண்.

அடுத்தது, மலம் தினமும் போகிறதா? ஒண்ணுக்கு எவ்வளவு போகிறது? பிரஷர் மாத்திரை என்ன? வீட்டில் எந்த உப்பு? சர்க்கரை உண்டா? இதெல்லாம் தெரியாமல் இட்லியைக் குறை சொல்ல முடியாது.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டைக்காரன், வாரம் மூன்று தடவை மெஷினில் படுக்கிற ஆள், அவ்வளவுதான்.

17.04.2025

நேற்று எழுதும்போது விட்டுப்போனது. இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும்.

6.2 என்று தாளில் பார்த்துவிட்டு ஃபோரத்தில் கேள்வி கேட்டுக் காத்திருக்காதீர்கள். இன்றைக்கே சென்டருக்கு ஃபோன் பண்ணி எண்ணைச் சொல்லுங்கள். ஈசிஜி எடுக்கச் சொல்வார்கள், எடுங்கள். கால் கனக்கிறது, எழுந்து நிற்க முடியவில்லை, நெஞ்சு படபடக்கிறது, நாடி மெதுவாக அடிக்கிறது, மயக்கம் வருகிறது, இதில் ஒன்று இருந்தாலும் ராத்திரி பன்னிரண்டு மணி என்றாலும் எமர்ஜென்சிக்குத்தான் போக வேண்டும். அங்கே கால்சியம் குளுக்கோனேட் ஊசி போடுவார்கள். அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தரும். பிறகு இன்சுலினும் குளுக்கோஸும் ஏற்றுவார்கள், சால்புடமால் மருந்தைப் புகையாக மூச்சில் இழுக்க வைப்பார்கள். இரண்டும் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளும், உடம்பை விட்டு வெளியேற்றாது. வெளியேற்ற மெஷின்தான் வேண்டும்.

இன்னொன்று. சிலருக்கு 7-க்கு மேல் போனாலும் ஒரு அறிகுறியும் இருக்காது. எங்கள் சென்டரில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஈசிஜி பார்த்த டெக்னீஷியன் முகம்தான் வெளிறியது. "எனக்கு ஒண்ணும் செய்யலையே" என்பது இந்த விஷயத்தில் செல்லாது.

19.04.2025

சென்டர் கொடுக்கிற தாளைப் பற்றி.

எல்லா ஊரிலும் கிட்டத்தட்ட ஒரே தாள்தான். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, கீரை கூடாது, உருளை கூடாது, தக்காளி கூடாது. தப்பில்லை. ஆனால் அதில் அளவே இருக்காது. கொத்தமல்லித் தழை நாலு இணுக்கும் இளநீர் ஒன்றும் அதில் ஒரே வரிசையில் நிற்கும்.

நமக்கு ஒரு நாளைக்குப் பொட்டாசியம் சுமார் 2000 முதல் 2500 மில்லிகிராம் வரை என்று சொல்வார்கள், ஆளைப் பொறுத்துக் கூடும் குறையும். அதை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். இளநீரில் 100 மில்லிக்கு 200 முதல் 250 வரை. ஒரு காயில் 300 மில்லி தண்ணீர் இருந்தால் 600-ஐத் தாண்டிவிடும். அதுவும் தண்ணீராக உள்ளே போகிறது, வயிற்றில் தங்காமல் மளமளவென்று ரத்தத்தில் சேரும். சித்திரை வெயிலில் இரண்டு குடித்தால் ஒரு நாள் கணக்கில் பாதிக்கு மேல் காலி, கூடவே அரை லிட்டருக்கு மேல் தண்ணீரும் ஏறியிருக்கும். எந்தச் சமாதானமும் இல்லாமல் நான் "வேண்டாம்" என்று சொல்வது இளநீருக்குத்தான்.

வாழைப்பழம் 100 கிராமில் சுமார் 360. ஆனால் ஏலக்கிப் பழம் ஒன்று தோல் உரித்தால் 50 கிராம்கூட வராது. நேந்திரம் ஒன்று அதைப் போல மூன்று நான்கு மடங்கு. தாளில் இரண்டுக்கும் ஒரே பெயர், வாழைப்பழம்.

கொய்யா 100 கிராமில் 400-க்கு மேல், பலாச்சுளையும் அப்படித்தான். ஆப்பிள், அன்னாசி 110 அளவில். பப்பாளி 180. மாம்பழம் 170 பக்கம்தான், நிறையப் பேருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். ஆனால் மாம்பழத்தை 100 கிராமோடு நிறுத்துகிற தமிழன் எங்கே இருக்கிறான்? தர்பூசணியில் பொட்டாசியம் கம்மி, தண்ணீர்க் கணக்கில் மாட்டிக்கொள்ளும்.

22.04.2025

"ராத்திரி முழுக்கக் காயை ஊற வச்சா போதும், பொட்டாசியம் எல்லாம் தண்ணில எறங்கிரும்" என்று கோவைப் பக்கத்து அண்ணன் மேலே எழுதியிருக்கிறார். இது எல்லா வாட்ஸப் குழுவிலும் சுற்றுகிறது. உருளை மாதிரிக் கிழங்குகளைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு அளந்து பார்த்திருக்கிறார்கள், பெரிதாக ஒன்றும் இறங்கவில்லை. இறக்குவது கொதிதான். சிறு துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டினால் ஏறக்குறைய பாதி போகும். துருவி வேகவைத்தால் முக்கால் பங்கு வரை போகும். ஊறப்போட்டுப் பிறகு வேகவைப்பதில் தவறில்லை, ஊறப்போட்டதோடு நிறுத்திப் பொரியலாக வதக்கினால் ராத்திரி பட்ட பாடு வீண்.

எங்கள் வீட்டு முறை: தோல் சீவி, அரை விரற்கடை துண்டாக நறுக்கி, அலசி, பெரிய பாத்திரத்தில் காய் நீந்துகிற அளவு தண்ணீர் வைத்து, கொதி வந்த பிறகு போட்டு, வெந்ததும் வடிதட்டில் கொட்டிவிடுவது. பிறகுதான் தாளிப்பு. உப்பு கடைசியில், அதுவும் கொஞ்சம். ருசி போகும், பொய் சொல்லமாட்டேன். கடுகு, கறிவேப்பிலை, பெருங்காயம், எலுமிச்சை நாலு சொட்டு, மிளகு, இவற்றை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

குக்கரில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அப்படியே மசிக்கிற கூட்டு, ஆவியில் வேகவைத்த காய், இரண்டிலும் பொட்டாசியம் உள்ளேயே இருக்கும். எங்கும் போகாது.

22.04.2025, மறுபடி

வடித்த தண்ணீரை என்ன செய்தீர்கள்?

சிரிக்காதீர்கள், இதைக் கேட்டே ஆக வேண்டும். நம் வீட்டுப் பெண்கள் எதையும் கொட்டமாட்டார்கள். "சத்தெல்லாம் தண்ணியிலதான இருக்கு" என்று காய் வேகவைத்த தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைப்பார்கள். அவர்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. நமக்கு வேண்டாத சத்து அதில்தான் இருக்கிறது. ஆத்தா ஒரு பக்கம் பக்குவமாக வடித்து, அதையே மறுபக்கம் ரசமாக ஊற்றினால் காயில் இருந்த பொட்டாசியம் டம்ளருக்கு மாறியது, அவ்வளவுதான்.

ரசம் தெளிவாக இருப்பதால் லேசானது என்று நினைக்கிறோம். பருப்புத் தண்ணீர், தக்காளி, மல்லி எல்லாம் கரைந்து நிற்கிற இடம் அது. புளியைக் கண்டு மட்டும் எல்லோரும் அலறுகிறார்கள். நாலு பேருக்கு ஒரு நெல்லிக்காயளவு புளி என்றால் ஆளுக்கு 20 மில்லிகிராம் பக்கம்தான் வரும். புளியை விடுங்கள், தக்காளியையும் பருப்புத் தண்ணீரையும் பாருங்கள்.

25.04.2025

மெஷினில் இருந்தபடி ஒரு கையால் தட்டுகிறேன், எழுத்துப்பிழை பொறுக்கவும்.

"நாலு மணி நேரம் சுத்தம் பண்ணுறாங்களே, அப்புறம் என்ன பயம்" என்ற கேள்விக்கு. உடம்பில் இருக்கிற பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் இருக்கிறது, ரத்தம் முதலான வெளி நீரில் 2 சதவீதம்தான். குளத்தில் நிற்பது 98, வாய்க்காலில் ஓடுவது 2. மெஷின் வாய்க்காலில் இருந்துதான் இறைக்கும். இறைத்து முடித்த பிறகு குளத்தில் இருந்து மறுபடி ஊறி வரும். அதனால்தான் முடிந்தவுடன் 3.6 காட்டுகிற ஆளுக்குச் சில மணி நேரத்தில் 4-க்கு மேல் காட்டும்.

ஒரு தடவையில் சுமார் 70 முதல் 100 மில்லிமோல் வரை எடுக்கும். மில்லிகிராமில் 2700 முதல் 3900. அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை, அதிகபட்சமே 7800. தினம் 2000 சாப்பிட்டால் வாரத்துக்கு 14000. சாப்பிட்டதெல்லாம் ரத்தத்தில் சேராதுதான், ஆனாலும் இந்த இடைவெளி எங்கே போகும்? மிச்சமிருக்கிற மூத்திரத்தில் கொஞ்சம், மலத்தில் கொஞ்சம். வேறு வழி கிடையாது. வாரம் இரண்டு மட்டும் செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு வாசலும் எவ்வளவு முக்கியம் என்று இந்தக் கணக்கே சொல்லும்.

சென்டரில் கேளுங்கள், மூன்றாவது தடவை சேர்க்க முடியுமா என்று. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸ் வருகிறது, எத்தனை தடவை என்பதை வார்டில் இருக்கிற காப்பீட்டு ஆளிடமே கேட்டுவிடுவது நல்லது. பஸ் செலவும் கூடப் போகிற ஆளின் ஒரு நாள் கூலியும்தான் நிறையப் பேரை இரண்டோடு நிறுத்துகிறது. இதைச் சாப்பாட்டுத் தாளில் யாரும் எழுதுவதில்லை.

"மெஷின் திரவத்தில் பொட்டாசியத்தை இன்னும் குறைச்சா வேகமா எறங்குமே" என்று பக்கத்துக் கட்டில்காரர் கேட்கிறார். பொதுவாக 2 வைப்பார்கள். அதற்குக் கீழே போனால் சடாரென்று இறங்கி இதயத் துடிப்பு தப்பும் ஆபத்து உண்டு. டாக்டர் முடிவு அது, நாம் கேட்டு வாங்குகிற சலுகை கிடையாது.

27.04.2025

அப்பாவுக்காகக் கேள்வி கேட்ட தங்கச்சி பதில் போட்டுவிட்டார். இரண்டு மாசமும் செவ்வாய்தான் எடுத்திருக்கிறார்கள், ஆகவே என் முதல் சந்தேகம் போச்சு. மாத்திரை டெல்மிசார்டன். மலம் மூணு நாளைக்கு ஒரு தடவை. உப்பு, "பிரஷருக்கு நல்லதுன்னு சித்தப்பா வாங்கிக் குடுத்த சோடியம் கம்மி உப்பு, ரெண்டு மாசமா".

இதோ.

சோடியம் கம்மி உப்பில் சோடியத்தை எடுத்த இடத்தில் என்ன வைக்கிறார்கள்? பொட்டாசியம் குளோரைடு. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். அதன் எடையில் பாதிக்கு மேல் வெறும் பொட்டாசியம். 30 சதவீதம் கலந்த உப்பு என்றால் ஒரு டீஸ்பூனில், அதாவது 5 கிராமில், 780 மில்லிகிராம் பக்கம் வரும். இளநீரைத் தொடாமல் இளநீர் குடித்த கதை. காயில் இருப்பதில் கொஞ்சம் நாரோடு சேர்ந்து குடலிலேயே தங்கி வெளியே போய்விடும், உப்பில் இருப்பது கிட்டத்தட்ட முழுசாக ரத்தத்துக்குப் போகும்.

2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் இந்த வகை உப்பைப் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. சாதாரண மக்களுக்கு நல்லது என்ற அதே தாளில், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது பொருந்தாது என்றும் இருக்கிறது. சித்தப்பாவுக்கு முதல் பாதி மட்டும் ஃபார்வர்டு வந்திருக்கும்.

இந்துப்பில் பொட்டாசியம் கூடுதல் என்று உடனே யாரோ கீழே எழுதுவார்கள் என்பதால் இப்போதே: இல்லை. இந்துப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான், பொட்டாசியம் துளிதான். அதனால் பொட்டாசியத்துக்கு அது எதிரியும் இல்லை, பிரஷருக்கு நண்பனும் இல்லை. சாதா உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

டெல்மிசார்டனும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியது. ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்காகக் கொடுத்திருக்கலாம். சீட்டோடு போய்க் கேளுங்கள். நீர்க்கடுப்புக்குக் கடையில் கொடுக்கிற சிரப்களில் சிலவற்றில் பொட்டாசியம் சிட்ரேட் இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

03.05.2025

சொதி.

நெல்லைக்காரர்களுக்கு மட்டும் புரியும். நேற்று கல்யாண வீட்டு மறுநாள் சாப்பாடு. தேங்காய்ப்பால், பாசிப்பருப்பு, உருளை, முருங்கை, கேரட், பீன்ஸ். தொட்டுக்க இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ். இலையில் அதை ஊற்றும்போது பொட்டாசியம் என்று எவன் கண்டுபிடித்தான் என்றிருந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாகவே தாளில் இருக்கிற சாமான், எல்லாம் சேர்ந்து ஒரே குழம்பு. வடிக்க வழியே இல்லாத குழம்பு, பாலிலேயே வேகிறது.

நான் செய்தது: சோறு நிறைய, சொதி ஒரு குழிக்கரண்டி, உருளையை ஒதுக்கிவிட்டு, இஞ்சிப் பச்சடி விரலால் தொட்டு, சிப்ஸ் இல்லை. அன்றைக்குக் காலையில்தான் டயாலிசிஸ் முடிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமையாக இருந்திருந்தால் போயிருக்கவே மாட்டேன். எனக்குத் திங்கள், புதன், வெள்ளி, ஆகவே நீண்ட இடைவெளியின் கடைசி நாள் ஞாயிறு. விருந்தும் பிரியாணியும் நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைதான் வந்து தொலைக்கும். மெஷின்காரர்களுக்கு மாரடைப்பும் திடீர் மரணமும் அந்த நீண்ட இடைவெளி முடிகிற நாளில்தான் அதிகம் என்று 2011-இல் அமெரிக்காவில் பெரிய அளவில் கணக்கெடுத்து எழுதினார்கள். அதற்குப் பிறகும் ஞாயிறு மதியம் கறி விருந்துக்கு நம்மைக் கூப்பிடுகிறவர்களை என்ன சொல்ல.

04.05.2025

"மெஷின்ல ஏறின முதல் மணி நேரத்துல வாழைப்பழம் சாப்பிட்டா மெஷினே எடுத்துரும்" என்று கேட்டவருக்கு: எங்கள் சென்டரிலும் அந்த வழக்கம் உண்டு, கட்டிலில் உட்கார்ந்து உரிக்கிற சத்தம் கேட்கும். அதில் அரைக்கால் உண்மை. சாப்பிட்டது குடலில் இருந்து ரத்தத்துக்குப் போகச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் ஊசியைக் கழற்றிவிடுவார்கள். ஏலக்கி ஒன்று என்றால் நானும் கண்டுகொள்ளமாட்டேன். சிலர் சீப்பை நோக்கிப் போகிறார்கள். தவிர மெஷினில் இருக்கும்போது வயிறு நிறையச் சாப்பிட்டால் பிரஷர் சரியும், அது தனி ரகளை.

11.05.2025

திருச்சி அக்கா ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "என்னை டாக்டரே தினம் வாழைப்பழம் சாப்பிடச் சொல்றார், நீங்க எல்லாரும் பயமுறுத்துறீங்க." அக்கா, நீங்கள் வயிற்றில் பை மாற்றுகிற டயாலிசிஸ். அந்தத் திரவத்தில் பொட்டாசியமே கிடையாது, தினமும் நாலு தடவை மாற்றுகிறீர்கள், ஆகவே தினமும் வழிந்து போகிறது. உங்களில் பலருக்குப் பொட்டாசியம் குறைந்துபோவதுதான் தொல்லை. நீங்கள் சாப்பிடுங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இந்த இழையைப் படிக்கிற வேறு பை மாற்றுகிறவர்களும் மேலே உள்ளதை அப்படியே பின்பற்ற வேண்டாம். கிட்னி மாற்றிக்கொண்டவர்களுக்குக் கதை மறுபடி வேறு, டாக்ரோலிமஸ் மாத்திரையே பொட்டாசியத்தை ஏற்றும்.

18.05.2025

மலச்சிக்கல். முகம் சுளிக்கிற ஆட்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம், ஆனால் போகாதீர்கள்.

நல்ல கிட்னி இருக்கிறவனுக்கு உள்ளே போகிற பொட்டாசியத்தில் பத்தில் ஒரு பங்குதான் மலத்தில் வெளியேறும். கிட்னி நின்றவனுக்குப் பெருங்குடல் தானே அந்த வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ளும், நாலில் ஒரு பங்கு வரைகூடப் போகும். மூணு நாளைக்கு ஒரு தடவை போகிற ஆளுக்கு அந்த வாசல் பாதி மூடிக் கிடக்கிறது. தங்கச்சி, காயையும் பழத்தையும் முழுசாக நிறுத்தியதில் அப்பாவுக்கு நார்ச்சத்து போனது, நார் போனதால் மலம் கட்டியது, மலம் கட்டியதால் பொட்டாசியம் உள்ளே நின்றது. பொட்டாசியத்துக்குப் பயந்து செய்ததே ஏற்றிவிட்டிருக்கலாம். உப்புக்கு மேல் இதுவும் ஒரு காரணம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சுரைக்காய், புடலங்காய், சௌசௌ, பீர்க்கங்காய், முட்டைக்கோஸ், இதெல்லாம் கம்மி வகை. வேகவைத்து வடித்து ஒரு கப் தினமும் கொடுங்கள். ஆப்பிள் பாதி, அல்லது அன்னாசி இரண்டு துண்டு. பேதி மருந்து கடையில் நீங்களாக வாங்க வேண்டாம், மெக்னீசியம் கலந்தவை நமக்கு ஆகாது. டாக்டரிடம் கேட்டால் லாக்டுலோஸ் மாதிரி ஏதாவது தருவார்.

பொட்டாசியத்தைக் குடலிலேயே பிடித்துக்கொள்கிற பவுடர் சாக்கெட்டைப் பற்றியும் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். கால்சியம் பாலிஸ்டைரீன் சல்ஃபனேட். தண்ணீரில் கலக்கினால் மணலைக் குடிப்பது போல இருக்கும். வேலை செய்கிறது, ஆனால் அதுவே மலத்தைக் கட்டும். மற்ற மாத்திரைகளையும் பிடித்துக்கொள்ளும் என்பதால் மூணு மணி நேர இடைவெளி விடச் சொல்வார்கள். "சாக்கெட் போட்டாச்சு, இனி இளநீர் குடிக்கலாம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவரோடு நான் வாதாடப் போவதில்லை.

15.06.2025

தங்கச்சி அப்பாவுக்கு 5.3. உப்பை மாற்றினார்கள், காய் திரும்ப வந்தது, மலம் தினமும். டாக்டர் மாத்திரையைத் தொடவில்லையாம். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் அப்படித்தான். சித்தப்பா இப்போது பேசுவதில்லையாம்.

ஆனால் இன்னொன்று எழுதியிருக்கிறார், அதைப் பற்றித்தான் எனக்குக் கவலை. இரண்டு மாசத்தில் அப்பா சதை வற்றிப் போயிருக்கிறார், "டிரை வெயிட்", அதாவது கூடுதல் தண்ணீரை எடுத்த பிறகு நிற்க வேண்டிய எடை, அதைக் குறைத்துவிட்டார்களாம். இட்லியும் மோர் சாதமும் மட்டும் சாப்பிட்ட ஆளுக்குப் புரதம் எங்கிருந்து வரும்? மெஷின் ஒவ்வொரு தடவையும் புரதச் சத்தில் கொஞ்சத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. சாப்பாடு போதாமல் சதை கரைந்தால் அந்தச் செல்லில் இருக்கிற பொட்டாசியமும் ரத்தத்தில்தான் வந்து விழும். முட்டை வெள்ளைக்கரு தினமும் இரண்டு மூன்று கொடுங்கள், அதில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் கம்மி. மீன் சாப்பிடுவார் என்றால் சிறு துண்டு, குழம்பைக் குறைத்து. சைவம் என்றால் பருப்பை ஊறவைத்து, வேகவைத்த தண்ணீரைக் கொட்டி, கெட்டிப் பருப்பாக அளவாக.

20.07.2025

ஆடி. கூழ் கேள்வி வரும் என்று தெரியும், வந்துவிட்டது.

கேழ்வரகு மாவு 100 கிராமில் 400 மில்லிகிராமுக்கு மேல். பச்சரிசி அதில் நாலில் ஒரு பங்கு. வெந்த சோறு 100 கிராமில் 35 மாத்திரமே. இப்போது ஊரெல்லாம் "வெள்ளைச் சோறு விஷம், சீனி விஷம்" என்கிறார்கள். நமக்கு வடித்த வெள்ளைச் சோறுதான் தோழன். சீனியில் பொட்டாசியம் கிட்டத்தட்ட இல்லை, வெல்லத்திலும் கருப்பட்டியிலும் நிறைய. உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி குடித்து வளர்ந்தவன் இதை எழுதுகிறேன், மனசு வலிக்காமல் இல்லை. சர்க்கரை நோய் இருக்கிறவர்கள் சீனிப் பக்கம் போக வேண்டாம், அது தனி. அவர்களுக்குச் சர்க்கரை எகிறினாலும் பொட்டாசியம் எகிறும்.

கோயில் கூழ் ஒரு சின்ன டம்ளர் என்றால் சாமி கோவிக்காது, பொட்டாசியமும் கோவிக்காது. சொம்பு வேண்டாம்.

09.08.2025

தூத்துக்குடித் தம்பிக்கு 7.1 வந்து, அலறியடித்துப் போய், மறுபடி எடுத்தால் 5.0. லேபைத் திட்டுகிறார். இது நடக்கக்கூடியதுதான். ரத்தம் எடுக்கும்போது கட்டு இறுக்கி, கையை மூடி மூடித் திறக்கச் சொன்னாலோ, சிரிஞ்சில் வேகமாக இழுத்துச் சிவப்பணு உடைந்தாலோ உள்ளே இருந்த பொட்டாசியம் குழாயிலேயே கொட்டிவிடும். உடம்பில் இருப்பது அதுவல்ல. ஆனால் "லேப் தப்பாத்தான் இருக்கும்" என்று வீட்டில் உட்காராமல் ஓடினாரே, அதுதான் சரி. மறுபடி எடுத்துப் பார்த்த பிறகுதான் லேபைத் திட்டலாம்.

19.10.2025

நாளை தீபாவளி, புதன்கிழமை கந்த சஷ்டி விரதம் தொடங்குகிறது. திருச்செந்தூர்ப் பக்கத்து ஆட்கள் இருப்பீர்கள், கட்டாயம் படியுங்கள்.

சாப்பிடாமல் இருந்தால் பொட்டாசியம் இறங்கும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். டயாலிசிஸ்காரனுக்கு நேர்மாறு. சாப்பிட்டவுடன் சுரக்கிற இன்சுலின்தான் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் அனுப்புகிறது. பட்டினி கிடந்தால் இன்சுலின் இறங்கும், பொட்டாசியம் ரத்தத்தில் மேலே வரும். அறுவை சிகிச்சைக்காகப் பட்டினி போடுகிற டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதற்காகவே குளுக்கோஸ் ஏற்றி வைப்பதுண்டு.

அதோடு நம் விரதத்தில் என்ன சாப்பிடுவோம்? இளநீர், வாழைப்பழம், பேரீச்சை, பால். ஒரு பக்கம் பட்டினி ஏற்றுகிறது, மறுபக்கம் விரதச் சாப்பாடு ஏற்றுகிறது. ஆறு நாள். நடுவில் "சஷ்டி முடியட்டும்" என்று ஒரு டயாலிசிஸையும் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று எழுத விரும்பவில்லை.

விரதம் இருந்தே ஆக வேண்டும் என்கிறவர்கள் சோறு சாப்பிட்டு விரதம் இருங்கள். வெங்காயம், அசைவம் விடுங்கள், பாயில் படுங்கள், கவசம் சொல்லுங்கள், வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள். எங்கள் ஊர்ப் பூசாரியிடம் கேட்டேன். "நீரு வாரத்துக்கு மூணு நாள் ஊசி வாங்கறதே விரதம்தாம்வே" என்றார்.

தீபாவளி லேகியம் கேட்டவருக்கு: வெல்லம், மல்லி, ஓமம், திப்பிலி எல்லாம் கெட்டியாகச் சுருட்டிய சாமான். சுண்டைக்காயளவு எடுத்தால் ஒன்றும் ஆகாது, உருண்டை உருண்டையாகப் போடாதீர்கள்.

24.10.2025

வாழைத்தண்டுச் சாறு, மூக்கிரட்டைக் கஷாயம், நெருஞ்சில் தண்ணீர். ஒரே நாளில் மூன்று பேர் மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள், மூன்றையும் உறவினர்கள்தான் சொல்லியிருக்கிறார்கள். வாழைத்தண்டு கல் இருக்கிறவனுக்குச் சொல்கிற வைத்தியம், கிட்னி வேலை செய்கிறவனுக்கு. நமக்கு அது பொட்டாசியத் தண்ணீர். கஷாயம் எதுவானாலும் செடியில் இருக்கிற பொட்டாசியம் கொதித்துத் தண்ணீரில் இறங்கியதுதான், காயை வடித்து நாம் கொட்டுகிற அதே தண்ணீர்.

ஸ்டார் ஃப்ரூட் ஒன்று மட்டும் அளவு பார்க்காமல் விலக்க வேண்டியது, ஊரில் தமரத்தங்காய் என்பார்கள். அதில் பொட்டாசியம் மட்டும் பிரச்சினை இல்லை. நரம்பைத் தாக்குகிற கேரம்பாக்சின் என்ற நச்சு இருக்கிறது, 2013-இல் பிரேசில்காரர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். நல்ல கிட்னி அதை வெளியேற்றிவிடும். நம்மவர்களுக்கு நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, சாவு வரை போயிருக்கிறது. ஒரு பழமே போதும். சாப்பிட்டுவிட்டு விக்கல் வந்தால் தண்ணீர் குடித்துப் பார்க்காதீர்கள், நேராக டயாலிசிஸ் சென்டருக்கு ஓடுங்கள்.

பேரன் கொண்டுவந்தாலும், பிரசாதமாகக் கொடுத்தாலும், வாங்கி வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கிட்னி நன்றாக இருக்கிற ஆளாகப் பார்த்து.